வலது அறை

தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் அடிப்பது என் வேலை. முன்பே வந்தவர்கள் என்றால் பழைய ரிப்போர்ட்டைத் திறந்து எண்களை மட்டும் மாற்றுவேன்.

முடிச்சூர் ஜெரூஷா அக்காவுக்குக் கருப்பை நடுவில் பிரிந்து இரண்டு அறைகளாக இருக்கிறது. போன வருடம் வலது அறையில் இருந்த குழந்தை இருபதாவது வாரத்தில் இறந்துபோனது. இந்த முறை கரு இடது அறையில்.

எட்டாவது வாரம் அவர் வந்தபோது, "வலது அறை: 20 வாரம். துடிப்பு இல்லை" என்ற பழைய வரியை அழித்து, "காலி" என்று அடித்தேன்.

பன்னிரண்டாவது வாரம் அதே இடத்தில், "வலது அறை: 24 வாரம். துடிப்பு 148" என்று இருந்தது. வேறு யாருடைய ரிப்போர்ட்டையோ மேலே ஒட்டிவிட்டேன் என்று நினைத்தேன். பயத்தில் யாரிடமும் சொல்லாமல் அழித்துவிட்டேன்.

நேற்று இருபதாவது வாரம்.

"இந்த வாரத்த மட்டும் தாண்டிட்டேன்னா உனக்கு பிரியாணி பார்சல்மா," என்று சொல்லிக்கொண்டே அக்கா படுத்தார்.

டாக்டர் வெகுநேரம் கருவியை நகர்த்திப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "இடது அறை, இருபது வாரம். துடிப்பு இல்லை. வலது அறை காலி."

நான் ரிப்போர்ட்டைத் திறந்தேன். "வலது அறை: 32 வாரம். துடிப்பு 144."

அழிக்க விரலை வைத்தேன்.

"இல்ல டாக்டர், இப்பகூட உதைக்குதே," என்றார் அக்கா.

அவர் கை வயிற்றின் வலது பக்கத்தில் இருந்தது.