சூடம் ஏந்திய கை

குப்பம்மாள் ஒரு மூட்டை மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, திருடிவிட்டாள் என்று பஞ்சாயத்து.

"நான் தொடக்கூட இல்லீங்க. களத்தப் பெருக்கிட்டு நேரா வூட்டுக்குப் போய்ட்டேன்" என்று அழுதாள்.

"அத அம்மன் சொல்லட்டும்" என்றார் மூட்டைக்குச் சொந்தக்காரர் பெரியதம்பி.

ஒலக்கூர் பக்கத்தில் இருந்த அந்த ஊரின் வழக்கம் அது. சூடம் எரிந்து முடியும்வரை கை தாங்கினால் நிரபராதி. கையை உதறினால் குடும்பத்தோடு ஊரை விட்டே போக வேண்டியதுதான்.

பூசாரி விருத்தாசலம் அவள் கையில் தீர்த்தம் ஊற்றி நனைத்தார். உள்ளங்கையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். எரிந்து அணைந்தது. கை அசையவே இல்லை.

"அம்மன் தீர்ப்பு சொல்லிட்டா!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

விதை மல்லாட்டை வாங்க வந்திருந்த திண்டிவனம் சயின்ஸ் வாத்தியார் மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கும் பழக்கம் வாத்தியார்களுக்கு ஏது? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டிலுமா இப்படி ஏமாற்றுவார்கள்!

"நிறுத்துங்க! இதுல அம்மனும் இல்ல, ஒண்ணும் இல்ல. பூமி எல்லாத்தையும் கீழ இழுக்குது. குளிர்ந்த காத்து கனம், அது கீழ எறங்கும். சூடான காத்து லேசு, குளிர்ந்த காத்து அத மேல தள்ளிடும். தீயும் கூடவே மேலதான் போவும். கீழ இருக்கற கை எப்படிச் சுடும்? இந்த ஆளு உங்கள ஏமாத்திக்கினு இருக்காரு!"

"சார், வேணாங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்று பூசாரி கெஞ்சினார்.

"ஏன், பொழப்பு போய்டும்னு பயமா? கையத் தீக்கு மேல நீட்டச் சொல்லுங்க, அப்பத் தெரியும்!"

பெரியதம்பி எழுந்து வாத்தியாரைக் கும்பிட்டார்.

"படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். பூசாரி, இன்னொரு சூடத்தத் தரையில வை. ஏ குப்பம்மா, அதுக்கு மேல கைய நீட்டு!"

மாசிலாமணி இரண்டு கைகளையும் விரித்துத் தடுத்தார். "ஐயையோ, நான் அதுக்குச் சொல்லலீங்க!"

யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டு பேர் குப்பம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

பூசாரி வாத்தியார் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"எங்கப்பா பூசாரியா இருந்தப்போ தீக்கு மேலதாங்க நீட்டுவாங்க. அம்மன் கனவுல வந்து மாத்தச் சொன்னான்னு நான் ஒரு பொய் சொன்னேன். பதினேழு வருஷமா இந்த ஊர்ல ஒரு கைகூட வெந்ததில்லீங்க, சார்."