சத்தம் போடாத பை

"லேப்டாப்புக்குத் தனி அறை இருக்கு. தடித்தடியா நாலு புத்தகம் வச்சாலும் தாங்கும்மா" என்று பையை அவள் முன் வைத்தார் கடைக்காரர்.

அவள் மூடியைத் திறந்தாள். வெல்க்ரோ 'பர்ர்ர்' என்று பிரிந்தது.

"இது வேணாம்ணே, சத்தம் போடுது. ஜிப் வச்சது காட்டுங்க."

"லைப்ரரியில திட்டுவாங்களோ?"

"இல்லண்ணே, பஸ்ல படிச்சிட்டே போவேன்."

"பஸ் போடாத சத்தத்தையா இது போட்டுடப் போகுது?" சிரித்தபடி வேறொரு பையை எடுத்தார். அவள் தன் பாடப் புத்தகங்களை அதில் அடுக்கி, முதுகில் மாட்டிப் பார்த்தாள். தையல் அசைந்துகொடுக்கவில்லை.

"நெஞ்சுக்குக் குறுக்கே அந்தப் பட்டையை மாட்டும்மா. பாரமே தெரியாது."

"அது வேணாம்ணே. கழட்டிக் கொடுத்துடுங்க."

கடைக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முதுகு போனாலும் பரவாயில்ல, ஸ்டைல்தான் முக்கியம் உங்களுக்கெல்லாம்!"

அவள் பதில் சொல்வதற்குள் அவள் கணவன் பூனைபோல் உள்ளே வந்தான். தோளில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தையை அவள் நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிவிட்டான்.

"பாப்பாவ காலேஜ் குழந்தைகள் காப்பகத்துல நாளையிலேர்ந்தே விடலாமாம்" என்று கிசுகிசுத்தான்.

கடைக்காரர் பட்டையை வெட்டிக் கழற்றினார். கத்தரிக்கோலைக்கூட மெல்லத்தான் கீழே வைத்தார்.

"முன்னாடியும் பாரம், பின்னாடியும் பாரம். தாங்குவியாம்மா?" அவர் குரல் தானாகவே இறங்கியிருந்தது.

அவள் குழந்தையின் தலையைத் தாங்கிக்கொண்டாள்.

"பை மட்டும் இருந்தாத்தான்ணே பின்னால சாஞ்சிடுவேன்."