மதிப்புரை எழுதியவர்

மதியழகன் பதினோரு ஆய்விதழ்களுக்குத் தன் புத்தகத்தை மதிப்புரைக்கு அனுப்பிப் பார்த்துவிட்டார். ஒன்றுகூட மசியவில்லை.

தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் உள்ள ஏரிகளில், தண்ணீர் திறந்துவிடும் பழைய மதகுகளைப் பற்றி ஆறு வருடம் வெயிலில் அலைந்து எழுதிய ஆய்வு நூல் அது. வரலாற்று இதழ், மதகு என்பது பொறியியல் சமாசாரம் என்று கைகழுவியது. பொறியியல் இதழ், இதில் ஒரு சமன்பாடுகூட இல்லையே, வரலாற்றுக்காரர்களிடம் போங்கள் என்றது. சுற்றுச்சூழல் இதழ்க்காரர்களோ ஏரியில் தண்ணீர் இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்களாம். நின்றுபோய் மூன்று வருடமான இதழ் ஒன்று மட்டும் மறுபேச்சில்லாமல் இரண்டு பிரதிகளை வாங்கிக்கொண்டது. அவற்றில் ஒன்றைத் தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே பழைய புத்தகக் கடையில், சமையல் குறிப்புகளுக்கு நடுவே மதியழகனே பார்த்தார்.

பொத்தேரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் அவர் இணைப் பேராசிரியர். அங்கே பேராசிரியர் பதவி ஒன்றே ஒன்று காலியாகியிருந்தது. வெளியாட்களும் விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகப் பட்டியலில் உள்ள ஏதாவது ஓர் ஆய்விதழில், விண்ணப்பிப்பவர் எழுதியது ஏதாவதோ அவருடைய நூலுக்கு மதிப்புரையோ வந்திருக்க வேண்டும் என்பது விதி. வயது ஐம்பத்தேழு. இதையும் கோட்டைவிட்டால் கடைசிவரை 'இணை'யாகவே இருந்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பன்னிரண்டாவது இதழின் ஆசிரியர் ஜெரோம் தங்கமான மனிதர். புத்தகம் பிரமாதம், ஆனால் மதகைப் பற்றி எழுத ஆள் கிடைக்கவில்லை, நீங்களே யாரையாவது சொல்லுங்களேன் என்று தொலைபேசியில் கேட்டார். ஆய்வுலகில் இது வழக்கம்தான். சிக்கல் என்னவென்றால், மதகு தெரிந்தவர்கள் தமிழ்நாட்டிலேயே மூன்று பேர். ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவரோடு ஒரு கருத்தரங்கின் சாப்பாட்டு வரிசையில் மதியழகனுக்கு அடிதடி நடக்காத குறை. மூன்றாமவர் மதியழகன்.

ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, மூன்றாமவரையே எழுதச் சொல்லிவிட்டார்.

பெயர்தான் வேண்டியிருந்தது. குரோம்பேட்டையில் பேருந்து நின்றபோது 'அமலராணி தையலகம்' என்ற பலகை கண்ணில் பட்டது. அந்தத் தையலகத்துக்குக் கிடைக்காத முனைவர் பட்டத்தை அவரே முன்னால் சேர்த்தார். பின்னால் 'சுயாதீன ஆய்வாளர்' என்று போட்டார். அப்படிப் போட்டால் எந்தக் கல்லூரியிலும் போய் விசாரிக்க முடியாது. அமலராணிக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியும் பிறந்தது. மதிப்புரையாளர் எனக்கு முன்பின் அறிமுகமானவர் அல்ல என்று நூலாசிரியர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதிலும் கையெழுத்துப் போட்டார்.

மதிப்புரை நான்கு பக்கத்துக்கு அச்சாகி வந்தது. நூலாசிரியரின் அடக்கத்தைப் பாராட்டியிருந்த இடத்தில் மதியழகனுக்கே கண் கலங்கியது.

நேர்முகத் தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலை இரண்டாவது வகுப்பின் நடுவில் அலுவலக உதவியாளர் எல்லம்மா வந்து வாசலில் நின்றார்.

"சார், அமலராணின்னு ஒரு மேடம் வந்து பிரின்சிபல் ரூம்ல குந்திகினு கீறாங்க. உங்கள கையோட இட்டாரச் சொன்னாரு."

"எதுக்காம்?"

"இன்னான்னு தெர்ல சார். கையில ஃபைலு கீது. அதுல உங்க பேரு போட்ட பேப்பரு கீது."

மதியழகனுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு முனைவர் இருந்து தொலைத்திருக்கிறார். தான் எழுதாததைத் தன் பெயரில் பார்த்துவிட்டுப் பஞ்சாயத்துக்கு வந்திருக்கிறார். ஆள்மாறாட்டம், மோசடி, போலீஸ் என்று ஒவ்வொன்றாக மனதில் ஓடியது. பதவி கிடக்கட்டும், இருக்கிற வேலையே போகும். சாயங்காலம் மனைவி சரிதாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

படியிறங்கிக்கொண்டே கைப்பேசியை எடுத்தார். இரண்டாவது மாடியில் அமலராணியின் மின்னஞ்சல் கணக்கை அழித்தார். முதல் மாடியில் மதிப்புரையின் வரைவை அழித்தார். தரைத்தளத்துக்கு வந்தபோது, அதை எழுதியது மதியழகன்தான் என்று நிரூபிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது என்ற நிலைமை வந்திருந்தது. கொஞ்சம் மூச்சு வந்தது.

முதல்வர் டேனியலின் மேசையில் அந்த இதழ் விரித்துக் கிடந்தது. எதிரே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, கோப்பை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

"மதியழகன் சார், இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார் டேனியல். "இந்த ரிவ்யூவை எழுதினது யாரு?"

மதியழகன் மேசையில் கிடந்த இதழைப் பார்த்தார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"அதுல போட்டிருக்கே சார். அமலராணி மேடம்."

"அதை எழுத்துல கொடுத்துடுங்க" என்று டேனியல் ஒரு தாளை அவர் பக்கம் தள்ளினார்.

மாட்டிவிடத்தான் எழுதி வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே மதியழகன் தாளைப் படித்தார். நம்பாமல் மறுபடியும் படித்தார். பிறகு நிமிர்ந்து அந்தப் பெண்மணியைப் பார்த்தார். அவர் மிகுந்த மரியாதையோடு கைகூப்பினார்.

அதே பேராசிரியர் பதவிக்கு அமலராணி போட்டிருந்த விண்ணப்பம் அது. தன்னுடைய ஒரே வெளியீடாக அவர் காட்டியிருந்த அந்த நான்கு பக்க மதிப்புரையை எழுதியவர் இவரேதான் என்று நூலாசிரியர் சான்றளிக்க வேண்டிய இடத்தில், மதியழகன் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.