ஜன்னலோரத்து நீலப் பாய்

யோகா வகுப்பு வாசலில் முன்பதிவு பார்க்கும் டேப்லெட் ஒன்றும், உள்ளே ஜன்னலோரத்தில் ஒரு நீலப் பாயும் இருந்தன.

"சாருலதா இன்னிக்கு ராத்திரியும் நாளைக் காலை வகுப்புக்கு உன்னைப் பதிவு பண்ணிட்டா," என்றது டேப்லெட். "இங்கே அவளுக்குத்தான் ஆர்வம் அதிகம்."

"அவ பாதம் எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாதே," என்றது பாய்.

விடிந்ததும் வழக்கம்போல் அவள் ரத்து செய்துவிட்டாள்.

பிறகொரு காலை, தூக்கத்தில் நடப்பவள் போலப் பனிப்புல்லில் வெறுங்காலோடு நடந்து, பதிவு செய்யாமலே வந்து நின்றாள்.

"இடமில்லை," என்றது டேப்லெட். நீலப் பாயை வேறொருவர் பதிவு செய்திருந்தார். அவரும் வரவில்லை.

சாருலதா திரும்பிப் போனாள். வாசலில் அவளுடைய ஈரப் பாதம் பதிந்திருந்தது. காற்றே இல்லாத அறையில், பாயின் ஓரம் மெல்ல எழும்பி, அந்த ஈரத் தடம் காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தது.