வீட்டுக்காரர் வரும் நேரம்

“பதினஞ்சு ஆயிடுச்சு. இன்னொரு சீட்டு எடுக்கட்டுங்களா?” என்று கேட்டாள் கமலவேணி.

“வேணாம்மா. இருபத்தொண்ணைத் தாண்டினா தோத்துடுவீங்க. சின்ன சீட்டு நிறைய போயிடுச்சு. கட்டுல மிச்சம் இருக்கிறது பெரும்பாலும் பத்தும் படமும்தான்” என்றார் அவர்.

கேட்காமல் எடுத்தாள். ராஜா வந்தது. இருபத்தைந்து.

“பாத்தீங்களா? போன சீட்டை எண்ணிக்கினே இருக்கணும்மா” என்று சிரித்தபடி, பந்தயப் புளியங்கொட்டைகளை அவர் வாரிக்கொண்டார்.

எட்டு மாதமாக ஓடாத தறிக்குப் பக்கத்தில் பாய் விரித்திருந்தது. பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “இன்னைக்கும் சீட்டுதானா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவருக்குக் கூச்சமாகிவிட்டது. “உங்க வீட்டுக்காரர் வந்தா தப்பா நினைப்பாரு. நான் கிளம்பறேன்மா.”

“இந்த ஆட்டத்தை எனக்குக் கத்துக்குடுத்ததே அவருதான். வந்துடுவாரு, உக்காருங்க.”

மறுபடியும் கலைத்துப் போட்டார்கள். சில ஆட்டம் போய், கட்டு தீரப்போகும் நேரம். கமலவேணியிடம் பன்னிரண்டு. எடுக்கலாமா வேண்டாமா என்று கை தயங்கியது.

“பத்தும் படமும் தீந்துபோச்சு. என்ன பயம்? எடுடி, கமலா!” என்றார் அவர்.

ஒன்பது வந்தது. இருபத்தொன்று. அவள் சீட்டைப் பார்க்கவே இல்லை.

எட்டு மாதத்துக்கு முன் பஸ்ஸிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, எல்லாம் மறந்துபோன பிறகு, உமாபதி தன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

“தில்லையக்கா!” கமலவேணி சுவர்ப் பக்கம் திரும்பிக் கத்தினாள். “எங்க வீட்டுக்காரரு வந்துட்டாருக்கா!”