பன்னிரண்டாம் நம்பர் வீட்டுக் கொடி

மார்லிஸுக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை. பதினோரு வீட்டிலும் கையெழுத்து வாங்கியாயிற்று. பாக்கி பன்னிரண்டாம் நம்பர் டிராவிஸ்தான். அவன் கையெழுத்து தேவையே இல்லை. புகாரே அவன் மேல்தானே.

பின்னே என்ன? குடியிருப்பில் எல்லார் வீட்டிலும் துணி காயவைக்க டிரையர் இருக்கிறது. இவன் மட்டும் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, கிரீஸ் கறை போகாத பேன்ட்டும் பையன்களின் ஜட்டியுமாகத் தொங்கவிடுகிறான். கை முழுக்கப் பச்சை வேறு குத்தியிருக்கிறான். வீடு வாங்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

"சாயந்திரம் கூட்டத்துல ஓட்டுக்கு விட்டா முடிஞ்சது கதை," என்றாள், ஷூ மாட்டிக்கொண்டே.

"விடேன் மார்லிஸ். அவன் துணி உன்னை என்ன பண்ணுது?" ஜன்னலோரத்திலிருந்து கேட்டார் அவள் கணவர் வெர்னன்.

"நீங்க சும்மா இருங்க."

அதைக்கூடச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். முப்பது வருஷம் இரும்பு உருக்கும் ஆலையில் கிடந்த நுரையீரல் அவருடையது. ஏப்ரலில் அவர் இருமிய இருமலில் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மனுஷன் தங்க மாட்டார் என்றே பயந்துவிட்டாள். டாக்டர் மருந்தை மாற்றினார். மே மாதத்திலிருந்து ஒரு இருமல் இல்லை. ஜன்னலைத் திறந்துபோட்டு நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

டிராவிஸ் கூடையோடு தோட்டத்தில் நின்றிருந்தான். மார்லிஸ் காகிதத்தை நீட்டினாள். நிதானமாகப் படித்தான்.

"சரிங்க மேடம். கழட்டிடறேன்."

சண்டைக்கு ஏழெட்டு வாக்கியம் தயார் பண்ணி வந்தவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"அவ்வளவுதானா மிஸ்டர் டிராவிஸ்? வேற எதுவும் சொல்றதுக்கு இல்லையா?"

"ஒண்ணே ஒண்ணு. நான் டிரையர் போடறதுக்கு முன்னாடி சொல்லியனுப்பறேன். வெர்னனை ஜன்னலைச் சாத்திக்கச் சொல்லுங்க."

"அவர் எதுக்குச் சாத்தணும்?"

டிராவிஸ் தன் வீட்டுச் சுவரைக் காட்டினான். டிரையரின் புகைக்குழாய் வெளியே வரும் ஓட்டை. அதற்கு நேர் எதிரே, ரெண்டு கை தூரத்தில் வெர்னனின் ஜன்னல்.

"என்னுது கேஸ் மெஷின். அதோட புகைக்காத்தை வீட்டுக்குள்ள விட்டா விஷம். தூங்கற பசங்க எழுந்திருக்க மாட்டாங்க. வெளிய விட்டே ஆகணும். கூரை வழியா திருப்பலாம்னு ஆளைக் கூட்டிட்டு வந்தேன். அவ்வளவு நீளக் குழாயில துணிப் பஞ்சு அடைச்சு தீப்பிடிக்கும்னுட்டான்."

"அதனால?"

"ஏப்ரல்ல நான் மெஷின் போட்டப்பல்லாம் அவர் இருமற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு தடவை சந்தேகமா இருந்துச்சு. மூணாவது தடவை மெஷினை நிறுத்திட்டு, கயிறு வாங்கப் போயிட்டேன்."

"அது எப்போ?" என்றாள் மார்லிஸ்.

"மே முதல் வாரம்."

மருந்து மருந்து என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் கோபம்தான் வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா அன்னைக்கே ஜன்னலை இழுத்துச் சாத்தியிருப்பீங்க. என் பசங்க பந்து விளையாடறப்போ ஸ்கோர் சொல்றதே அவர்தான் மேடம். வேற எங்க போறார் அவரு?"

சொல்லிக்கொண்டே டிராவிஸ் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் போனான்.

மார்லிஸ் கூடையிலிருந்து ஒரு ஈரச் சட்டையை எடுத்து உதறினாள்.

"கயித்தை விடு. பதினோரு பேரையும் நான் பாத்துக்கறேன். கிளிப்பை எங்கடா வெச்சிருக்க?"