சும்மா கோணல்

“கோணல்னா அதுலயும் ஒரு அழகு வேணாமா? இது சும்மா கோணலா இருக்கு.”

மாமியார் அந்தச் செம்புக் கம்பிப் பதக்கத்தை மேசை ஓரமாகத் தள்ளினார். இலை மாதிரி செய்யப் பார்த்து, ஆடு மென்று துப்பிய இலை மாதிரி வந்திருந்தது.

“யாரோடது அத்தை?” என்றாள் மருமகள்.

“வேற யாரு, வேன் அக்காதான். ஆறு மாசமாச் சொல்லிக் கொடுக்கிறேன். ஸ்கூல் வேன் ஓட்டுற கைக்குக் குறடு எங்கே அடங்கும்?”

கம்பியில் நகை செய்ய ஆன்லைனில் கற்றுத் தருகிறவர் மாமியார். அன்று மாலை அவருடைய வகுப்பின் விழா, அதுவும் ஆன்லைனில்தான். போட்டிக் குழு ஒன்று ‘கடல்’ என்று தலைப்பு வைத்து அசத்திவிட்டதால், இவர் யோசித்து யோசித்து ‘குறையும் அழகே’ என்று வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு கோணல் நகை செய்து தபாலில் அனுப்ப வேண்டும். வந்தவை மேசை மேல் வரிசையாக இருந்தன. எல்லாம் அளவெடுத்துக் கோணலாக்கியவை.

“தலைப்பே குறைதானே அத்தை? இதையும் வெச்சிடலாமே.”

“குறை வேற, குளறுபடி வேற. பாக்கிறவங்க என் வகுப்பைப் பத்தி என்ன நினைப்பாங்க? போன் போட்டுச் சொல்லிடு. நான் சொன்னா நல்லா இருக்காது.”

நல்லா இருக்காத வேலையெல்லாம் மருமகளுக்குத்தான் வரும். போன் போட்டாள்.

“சேக்கலையா?” என்றார் வேன் அக்கா. “வீட்ல எல்லாரும் உக்காந்து பாக்கப் போறோம்மா. நாத்தனாரை வேற கூப்பிட்டு வெச்சிருக்கேன். எனக்கு ஒரு வேலையும் உருப்படியா வராதுன்னு எல்லார்கிட்டயும் சொல்றவங்க. பதக்கத்தை அவங்ககிட்ட காட்டினப்பவே சிரிச்சாங்க. விழாவுல பாருங்கன்னு சொல்லிட்டேன். ஒரு ஓரமாவாச்சும் வைக்க முடியாதா?”

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தலையாட்டி மறுத்தார்.

“இடமில்லையாம் அக்கா.”

“சரிம்மா. மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும். நாங்க பாக்க மட்டும் வர்றோம்.”

போனை வைத்தபோது மருமகளுக்குப் பரிதாபத்தைவிட எரிச்சல்தான் வந்தது. என்ன பிறவியோ. அடிக்கிற கைக்கு வளையல் செய்து அனுப்பும் போல.

விழாவுக்கு அரை மணி இருந்தது. மாமியார் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டிய கோணல் பதக்கம் மட்டும் இன்னும் ஆகவில்லை. எப்படி வளைத்தாலும் அது அழகாகவே வந்து தொலைத்தது. பிரித்தார், வளைத்தார், மறுபடி பிரித்தார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் கம்பி இறுகி ஒடியும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லித் தருகிறவர் அவர்தான்.

படக்கென்று ஒடிந்தது.

மாமியார் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். பிறகு மேசை ஓரத்தைப் பார்த்தார்.

“அதை எடு.”

“எதை அத்தை?”

“தெரியாத மாதிரி கேக்காதே. வெறும் கழுத்தோட உக்காரச் சொல்றியா? என்னுதுன்னா நான் சொல்லப் போறேன்? கொக்கியை மாட்டி விடு.”

மருமகள் மாட்டி விட்டாள்.

விழா தொடங்கியதும் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வந்தது.

“மேடம், உங்க கழுத்துல இருக்கிறதைக் கொஞ்சம் கிட்டக் காட்டுங்களேன்.”

காட்டினார்.

“இவ்ளோ இயல்பான கோணல் பழகின கைக்குத்தான் மேடம் வரும்.”

“நாங்களும் என்னென்னவோ பண்ணிப் பாத்தோம். செஞ்ச மாதிரியே தெரியுது.”

மாமியார் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். “மூணு நாள் பாடு.”

அதில் பொய் இல்லை. பாடு பட்டது உண்மை. பட்டது வேறு கம்பி.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். “நம்ம குறையை நாம மறைக்கக் கூடாது. நம்ம கை செஞ்சது எப்படி இருந்தாலும், இது என்னுதுன்னு துணிஞ்சு காட்டணும்.”

திரை முழுக்க இதயங்கள் பறந்தன.

மருமகளின் கண் ஒரே ஒரு சதுரத்தில் நின்றது. அதில் ஒரு சோபா நிறைய ஆட்கள். நடுவில் வேன் அக்கா. பக்கத்தில் இருந்த பெண் திரையை நோக்கி விரலை நீட்டி ஏதோ கேட்டார். நாத்தனாராகத்தான் இருக்க வேண்டும். மைக் அணைந்திருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. வேன் அக்கா ஏதோ பதில் சொல்லிவிட்டுப் போனைக் கையில் எடுத்தார்.

‘வேன் அக்கா எழுதுகிறார்’ என்று திரையின் கீழே வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது.

மருமகளுக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. எழுதட்டும். இத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கட்டும். இப்போதாவது ரோஷம் வந்ததே. வேண்டாத செய்தியை அழிக்கிற பொறுப்பும் அவளுடையதுதான். இதை அழிப்பதில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

செய்தி வந்தது. எல்லாருக்கும் அல்ல, அவளுக்கு மட்டும்.

“நீ காட்டினது மாதிரியே இருக்கேன்னு நாத்தனார் கேட்டாங்க. மேடம் செஞ்சதைப் பாத்துத்தான் நான் செஞ்சேன்னு சொல்லிட்டேன். ஆனா பின்பக்கத்து முனையை நான் அரம் வெச்சுத் தேய்க்காம விட்டுட்டேன்மா, கழுத்துல கீறிடும். யாரும் பாக்காத மாதிரி உள்ளே ஒரு துணி வெச்சுக்கச் சொல்லு.”